அண்டா விழுந்த விமானம்

பரணிலிருந்து அண்டா சரிந்து வந்தபோது முருகேஸ்வரி ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை அண்டாவின் வளையத்தைப் பிடித்திருந்தது, இன்னொரு கை பரணின் விளிம்பை. பிடியை விடுவதா, அதனோடு சேர்ந்து தானும் விழுவதா என்று யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. விட்டுவிட்டாள். அண்டா பீரோவின் தலையில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, கட்டிலில் புரண்டு, தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். சத்தம் அடங்கிய பிறகுதான் பீரோவின் மேல் விமானம் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கணவன் ஜெயகணேஷின் விமானம். பழைய உலகப் போரில் பறந்த சண்டை விமானம் ஒன்றின் சின்ன உருவம். இறக்கைகளை விரித்துவைத்தால் ஒரு கட்டிலின் அகலம் இருக்கும். தெர்மாகோலை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செய்ததுபோன்ற நுரையால் ஆனது. ரிமோட்டில் பறக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு விமானி உட்கார்ந்திருந்தான். தோல் தொப்பி, மூக்குக்கண்ணாடி, யாரையும் குறைசொல்லாத முகம். முருகேஸ்வரி ஸ்டூலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். இடது இறக்கை நடுவில் இரண்டாகப் போயிருந்தது. வால் தனியாகக் கிடந்தது. விமானி மட்டும் அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தை மாதம் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜெயகணேஷ் அவளிடம் அதிகம் பேசியதில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. காபி நன்றாயிருக்கிறது என்பான். வெளியே போனால் என்ன வேண்டும் என்று கேட்பான். குழம்பில் உப்பு கூடிப்போனாலும், சட்டையில் இஸ்திரி தீய்ந்துபோனாலும் ஒரே பதில்தான்: பரவால்ல. அவனுடைய ஆபீஸ் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் காகிதங்களோடு ஏறி இறங்கவேண்டும், சில நாள் ராத்திரியும் அங்கேயேதான். பல தேசத்து மாலுமிகளோடும் சுங்கக்காரர்களோடும் சண்டையில்லாமல் பேசிப் பேசி, அந்தப் பேச்சே வீட்டுக்கும் வந்துவிட்டதோ என்று அவள் நினைப்பாள். ஒரே ஒரு நாள்தான் அவன் வேறு ஆளாக இருந்தான். கல்யாணத்துக்கு மறுநாள், பீரோ மேலிருந்த விமானத்தைக் காட்டி இது என்ன என்று அவள் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவன் வாய் மூடவில்லை. காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்று தன் உள்ளங்கையை ஃபேனுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினான். அவள் கையையும் பிடித்துச் சாய்த்தான். காற்று உண்மையாகவே தூக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்துப் பக்கம் நண்பர்களோடு பறக்கவிடுவார்களாம். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். அந்த மனிதனுக்குள் போவதற்கு அவளுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான். அதன் மேல் அவள் வீட்டுச் சீர் அண்டா விழுந்துவிட்டது.

“என்னளா சத்தம்?” என்று மாமியார் சண்முகத்தாய் ஈரக்கையோடு வந்து நின்றாள். பின்தெருவில் வீடு பால்காய்ச்சுகிறார்கள், பாத்திரம் கேட்டிருக்கிறார்கள், அண்டாவை இறக்கு என்று சொன்னதே அவள்தான். தரையில் கிடந்த அண்டாவைப் பார்த்தாள், பிறகு பீரோவைப் பார்த்தாள்.

“அத்த, அவுகளுக்கு இப்பமே போன் போட்டுச் சொல்லிரட்டா?”

“சொல்லி? கப்பல்லேருந்து கடல்ல குதிக்கவா? கலியாணத்துக்கு முன்னால அதப் பக்கத்துல வச்சித்தான் படுப்பான். நான் ஒருநா தூசி தட்டுனேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தான்.” சண்முகத்தாய் வாலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “ஒட்டிரலாம். நாளைக்குச் சாயங்காலந்தான வாரான்.”

முருகேஸ்வரிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மாமியார் திட்டாததைவிட, “ஒட்டிரலாம்” என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வேலை நன்றாகவே தொடங்கியது. முருகேஸ்வரியின் அப்பாவுக்குச் சொந்த ஊர் நாசரேத்தில் ஹார்டுவேர் கடை. ஆணி, கம்பி, பைப்பு, பெயிண்ட் என்று அதற்குள்ளேயே வளர்ந்தவள் அவள். எந்தப் பசை எதில் பிடிக்கும் என்று தெரியும். தச்சர்கள் வாங்கும் வெள்ளைப் பசையை உடைந்த விளிம்பில் தடவி, விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்குகளாகப் பார்த்து ஒடித்து, எலும்புபோல இறக்கைக்குள் செருகி இரண்டு துண்டையும் சேர்த்தாள். சண்முகத்தாய் பழைய வேட்டியைக் கிழித்து, கையொடிந்த பிள்ளைக்குக் கட்டுவதுபோல இறக்கைக்கும் வாலுக்கும் கட்டுப்போட்டாள். இரண்டு பேரும் அதைக் கட்டிலில் படுக்கவைத்து ஃபேனைப் போட்டுவிட்டு, பின்தெருவுக்குப் பால்காய்ச்சப் போய்விட்டு வந்தார்கள். மறுநாள் காலை கட்டை அவிழ்த்தபோது இறக்கை உறுதியாக நின்றது. ஆனால் ஒட்டிய இடம் தழும்புபோலத் தெரிந்தது. சாம்பல் நிறம் அங்கங்கே உரிந்து வெள்ளை நுரை எட்டிப் பார்த்தது.

“பெயிண்ட் அடிச்சிரணும்” என்றாள் முருகேஸ்வரி.

பெயிண்ட் என்றதும் அவளுக்குள் கடைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். இந்தக் கடற்கரையில் பெயிண்ட் அடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உப்புக் காற்று எதையும் விடாது. கேட், ஜன்னல், கிரில், மொட்டைமாடிக் கொடிக்கம்பி எதுவானாலும் முதலில் ரெட் ஆக்சைடு, அது காய்ந்த பிறகுதான் நிறம். ரெட் ஆக்சைடு வாங்காமல் பெயிண்ட் மட்டும் கேட்கும் ஆட்களிடம் அவள் அப்பா, “பொறவு துரு ஏறிட்டுன்னு எங்கடைக்கு வரப்பிடாது” என்று சொல்லித்தான் கொடுப்பார். சின்ன வயதில் அவளும் கல்லாவில் உட்கார்ந்து அதையே சொல்லியிருக்கிறாள். அந்தக் காலை அவள் தெருமுனையில் பால்துரை அண்ணாச்சி கடைக்குப் போய், சின்ன டப்பா சாம்பல் எனாமலும் சின்ன டப்பா ரெட் ஆக்சைடும் ஒரு பிரஷ்ஷும் வாங்கினாள். எதற்கு என்று அவர் கேட்டபோது, விஷயம் ஜெயகணேஷ் காதுக்குப் போய்விடுமே என்று, “கேட்டுக்கு” என்றாள்.

“ஒங்க வீட்டு கேட்டு கலியாணத்துக்குத்தான அடிச்சது?” என்றார் பால்துரை.

“அது அதுக்குள்ள துருவேறிட்டு அண்ணாச்சி.”

“யாரு கடையில வாங்குனாங்களோ” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு அவர் டப்பாக்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே கையைப் பிடித்துத் தடுத்திருப்பார்.

சண்முகத்தாய்க்குக்கூட ஒரு சந்தேகம் வந்தது. “இரும்புக்குல்லா இத அடிப்பாக?”

“கடக்காத்துல போற சாமான் எல்லாத்துக்கும் அடிக்கணும் அத்த. எங்கப்பா சொல்லுவாக.”

இடது இறக்கையில் தொடங்கினாள். பிரஷ் போன இடம் செங்கல் நிறத்தில் பளபளத்தது. சரியாகத்தான் போகிறது என்று நினைத்து ஒரு சாண் தூரம் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முதலில் அடித்த இடம் மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்தால் கேட்கும் அளவுக்கு நுரைக்குள் ஒரு சின்னச் சத்தம். பள்ளங்கள் விழுந்தன. மழை பட்ட உப்புக் குவியல் குழிவதுபோல இறக்கை தனக்குள்ளேயே இறங்கியது. அவள் கையால் துடைத்தாள். துடைத்த இடம் இழுபட்டு வந்தது. முந்தானையால் துடைத்தாள். சண்முகத்தாய் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். தண்ணீர் செம்மண்ணாக ஓடியதே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் பைக் நின்றது. அவன் ஏறவேண்டிய அடுத்த கப்பலுக்குத் துறைமுகத்தில் இடம் கிடைக்கவில்லை, அது இன்னும் வெளியே கடலில் காத்துக்கிடக்கிறது, ஆகவே அவன் மத்தியானமே வந்துவிட்டான்.

ஜெயகணேஷ் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அவள் கைகளை. மணிக்கட்டு வரை சிவப்பு. அவன் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பி, “எங்கன வெட்டிக்கிட்ட? எங்கன?” என்றான். அவன் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. “ஒண்ணுல்ல, பெயிண்ட்டு” என்றாள். பிடியைத் தளர்த்திவிட்டு அதற்குப் பிறகுதான் அவன் கட்டிலைப் பார்த்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அண்டா, ஈர்க்கு, வெள்ளைப் பசை, ரெட் ஆக்சைடு. அவன் குழிந்த இறக்கையை ஒரு விரலால் தொட்டான். விமானியின் முகமும் அவன் முகமும் ஒன்றுபோல இருப்பதை அவள் அப்போது கவனித்தாள்.

“பரவால்ல” என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

சாப்பிட உட்கார்ந்தபோது வேறு எதையோ பேசினான். நேற்று ஏறிய கப்பலில் ஒரு சமையல்காரன் பூனை வளர்க்கிறான் என்று சொன்னான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முருகேஸ்வரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவன் தட்டை எடுத்து எறிந்திருந்தால்கூட எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்து எடுத்துவந்திருப்பாள். இந்தப் பரவால்லயை எந்தப் பக்கம் பிடிப்பது?

“திட்டணும்னா திட்டிருங்க” என்றாள்.

“திட்டி என்ன ஆவப்போவுது.”

“ஆவாட்டா போவுது. நேத்து வந்த எவனோ கப்பல்காரன்கிட்டயும் பரவால்ல, எங்கிட்டயும் பரவால்லயா? நான் என்ன ஒங்க ஆபீஸுக்குக் கையெழுத்து வாங்கவா வந்திருக்கேன்?”

அவன் குழம்பை ஊற்றப்போன கையை அப்படியே நிறுத்தினான். அவன் காது மடல் சிவந்தது. கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டு, “அந்த அண்டா” என்றான்.

“அண்டாவுக்கு என்ன?”

“வந்த அன்னிக்கே நெனச்சேன். பரண்ல ஏத்தும்போதே நெனச்சேன், இது என்னிக்காவது யாரு தலையிலயாவது விழும்னு.”

“அப்பமே சொல்ல வேண்டியதுதான?”

“சீர் சாமான நான் எப்படிச் சொல்ல? ஒங்கப்பா பேரு வேற அதுல வெட்டிருக்கு. மூணு அண்டா. இந்த வீட்ல இருக்கதே மூணு பேரு. ஆளுக்கொரு அண்டாவுல உக்காந்து குளிக்கவா?”

“எங்கப்பா ஒண்ணொண்ணாத் தட்டிப் பாத்து வாங்குனாக.”

“நல்லாத்தான் தட்டிருக்காக. என் பிளேன் ரெண்டாப் போயிட்டு. அது நசுங்கக்கூட இல்ல.”

அடுப்படியிலிருந்து சண்முகத்தாயின் குரல் வந்தது. “நசுங்கிருக்குடே. அடியில லேசா.”

அவ்வளவு நேரமும் அவள் அங்கே பாத்திரம் துலக்கும் சத்தம்கூட இல்லாமல் நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. ஜெயகணேஷ் இன்னும் கோபமாகத்தான் இருந்தான். “தோசைக் கரண்டி எதுக்கு ஆறு?” என்று தொடர்ந்தான். “என் சட்டைய வைக்கதுக்கு இடமில்ல, பீரோவுக்குள்ள கரண்டி இருக்கு. சொல்லப் பயந்துகிட்டு ஆபீஸ்ல ரெண்டு சட்ட வச்சிருக்கேன்.” அவளும் விடவில்லை. அவன் தலையணைக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவர் வைப்பதையும், குளியலறையில் பேட்டரி சார்ஜ் போடுவதையும், அவள் ஊருக்குப் போன் பேசும்போது அவன் வெளியே போய் நிற்பதையும் சொன்னாள். கடைசியில் சொன்னதற்கு அவனிடம் பதில் இருந்தது. “நீ ஒங்க அம்மைகிட்ட ஃப்ரீயாப் பேசட்டும்னு போனேன்” என்றான். அவள் அதைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டை சோறு ஆறும் வரைக்கும் நடந்தது. நடந்து முடிந்தபோது தேரோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்போல இரண்டு பேரும் களைத்து, தாராளமாகச் சாப்பிட்டார்கள்.

கை கழுவிவிட்டு அவன் இறக்கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். “ஈர்க்கு நல்ல வேல” என்றான். “இது நிக்கும். பெயிண்ட்ல இருக்க தின்னரு தின்னுட்டுப் போன இடத்த வெட்டி எடுத்துட்டு வேற நுரை வைக்கணும். நாளைக்குக் காலைல பறக்குமான்னு தெரியல. எங்கயாவது தெர்மாகோல் கெடச்சாப் பாக்கலாம்.”

சீராக வந்த மிக்ஸியின் அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து முருகேஸ்வரி இழுத்துப் போட்டாள். நான்கு மூலைக்கும் வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் இருந்தது.

அதன் பிறகு நடந்த வேலையில் அவள் அவனுக்கு ஈடாக நின்றாள். பிளேடால் குழிகளைச் சதுரமாக வெட்டி எடுத்தான். அவள் அதே அளவுக்கு மிக்ஸி நுரையை அறுத்துக் கொடுத்தாள். ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து மேலே போர்த்தினார்கள். அவனுக்கு விரல் நீளம், அவசரம் கிடையாது. உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விடுவதற்குக்கூட நேரம் எடுத்துக்கொள்வான். இந்தக் கைகளோடுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அவள் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். காய்ந்ததும் இரண்டு விரல் நுனிகளில் விமானத்தை ஏந்திப் பிடித்தான். அது இடப்பக்கம் தொங்கியது. ஒட்டின பசையின் கனம்.

“இந்தப் பக்கம் கொஞ்சம் கனம் வைக்கணும். ரொம்பக் கொஞ்சம்” என்றான்.

முருகேஸ்வரி தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, வலது இறக்கையின் ஓரத்தில் குத்தினாள். போதவில்லை. இன்னொன்று. விமானம் அவன் விரல்களில் நேராக நின்றது. அவன் அந்த ஊக்குகளையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தான்.

நிறத்துக்கு வந்தபோது மறுபடியும் ஒரு வாக்குவாதம். மேலே பூச அவனிடம் தண்ணீரில் கரைக்கிற சாம்பல் பெயிண்ட் கொஞ்சம் இருந்தது. அடிப்பக்கத்துக்கும் சாம்பல்தான் வேண்டும் என்றான். அது போதாது, கடையில் அந்தச் சாயல் கிடைக்காது.

“போன வருசம் ஒருவாட்டி விழுந்துச்சுன்னு சொன்னீங்கள்லா? எப்படி?”

“உப்பளத்துக்கு மேல போச்சு. வெயிலு, வெள்ளை, மங்கலு. வருதா போவுதான்னு தெரியல. இடது பக்கம்னு நெனச்சி வலது பக்கம் திருப்பிட்டேன்.”

“அப்பம் சாம்பல்ல எதுக்கு அடிக்கணும்?”

“சண்ட பிளேன்னா வானத்துல தெரியக் கூடாது. அதான் அதுக்கு அழகு.”

“யாருக்குத் தெரியக் கூடாது? எதிரிக்குத்தான. நமக்குத் தெரியணும்லா.”

அவன் சாம்பல் டப்பாவை மேல்பக்கத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தான். வீட்டில் மீந்திருந்த ஒரே தண்ணீர்ப் பெயிண்ட், கல்யாணத்துக்கு அவர்கள் அறைச் சுவரில் அடித்ததில் மிச்சம். பழுத்த மாம்பழத்தின் மஞ்சள். அவள் வாளியின் மூடியைத் திறந்து, தண்ணீர் விட்டு, குச்சியால் கலக்கி, துணியில் வடிகட்டினாள். இந்த வேலையில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. மெல்ல, ஒரே கை ஓட்டத்தில், அடியெல்லாம் மஞ்சளாக்கினாள். கனம் ஏறக் கூடாது என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தான். மேல்பக்கம் போர்க்களத்துச் சாம்பல், கீழே படுக்கையறைச் சுவர்.

காலையில் மூன்று பேரும் போனார்கள். சண்முகத்தாய் ஆட்டோவில் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முத்தையாபுரம் தாண்டி உப்பளத்தை ஒட்டி ஒரு பொட்டல். தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கிகள், அதற்கு அப்பால் கடல். ஜெயகணேஷின் சிநேகிதன் பெவின் முன்னாலேயே வந்து தன்னுடையதைப் பறக்கவிட்டு இறக்கியிருந்தான். அவன் இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

“ஏலே கணேசு, இது என்னலே, சண்டைக்குப் போவுதா, பொண்ணு பாக்கப் போவுதா?”

“சமாதானத்துக்குப் போவுது” என்றாள் சண்முகத்தாய், ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே.

மோட்டார் சுழன்றது. யாராவது கையால் எறிய வேண்டும். பெவின் கையை நீட்டினான். ஜெயகணேஷ் விமானத்தை முருகேஸ்வரியிடம் கொடுத்தான். “மூக்கு மேல பாக்கட்டும். காத்துக்கு எதிர ஓடு. பயப்படாத, விட்டுரு.” அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். உள்ளங்கைக்குள் அது உயிருள்ள பிராணிபோலத் துடித்தது. விட்டாள். அது கீழே இறங்கியது. தரையைத் தொடப்போகிறது என்று தோன்றியபோது, ஃபேனுக்கு முன்னால் அவள் கையைத் தூக்கிய அதே காற்று அதன் அடியில் புகுந்து தூக்கியது. விமானம் அவள் ஒட்டிய இறக்கையோடு மேலே ஏறிப் போனது.

உப்பளத்தில் பாத்திகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். விமானம் அவர்களைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போனது. அப்போது சூரியன் முழுசாக வெளியே வந்தது. பாத்திகளெல்லாம் கண்ணாடியாகின. ஜெயகணேஷ் கண்ணைச் சுருக்கினான், தலையை ஆட்டினான்.

“காணும்” என்றான். ரிமோட்டில் அவன் கட்டைவிரல்கள் அசையாமல் நின்றன. “எனக்குத் தெரியல. எங்கன இருக்கு?”

“மஞ்ச தெரியுது.” அவள் அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “வயிறு நம்மளப் பாத்து இருக்கு. அங்கிட்டுச் சாயுது.”

“திருப்பட்டா?”

“மெதுவா. இன்னும். இப்பம் மஞ்ச கொறையுது. கோடு மாதிரி இருக்கு.”

“சொல்லிட்டே இரு” என்றான் அவன், வெளிச்சத்துக்குள் பார்த்தபடி.

இளஞ்சிவப்பாகக் கிடந்த உப்புத் தண்ணீரில் இன்னொரு விமானம் மல்லாந்து பறந்துகொண்டிருந்தது. ஒரு பாத்தியிலிருந்து வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. வரப்பு வரும்போதெல்லாம் அது மறைந்தது, தண்ணீர் வந்ததும் மறுபடி மஞ்சளாக வந்தது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சேர்ந்து ஒரு பெரிய வளைவில் சாயத் தொடங்கின. முருகேஸ்வரி கண் இமைக்காமல், இரண்டையும் விடாமல், சொல்லிக்கொண்டே இருந்தாள்.